பாண்டியா நீங்க?

என் முதல் இண்டர்வியூவுக்கு நான் போட்டுப்போன ஷூ என்னுடையது இல்லை. அக்கா வீட்டுக்காரருடையது. எனக்கு 8, அவருக்கு 9. முன்பக்கம் பஞ்சை அடைத்துக்கொண்டு, விரல்களைக் கொஞ்சம் மடக்கியபடி நடந்தால் கழலாது. அதை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, விடியற்காலை நாலரை மணிக்குப் பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் இ.சி.ஆர். வழியாகச் சென்னை போகிற வண்டியில் ஏறினேன். சட்டை கசங்கிவிடும் என்று சீட்டில் சாயவே இல்லை. மரக்காணம் உப்பளங்கள் வரும்போது லேசாக வெளுத்தது. திருவான்மியூரில் இறங்கி, நிழற்குடைக்குப் பின்னால் போய் நின்று ஷூவை மாட்டினேன். செருப்பைக் கவரில் போட்டுப் பைக்குள் திணித்தேன். அந்தப் பைக்குள்தான் என் சான்றிதழ்களும் இருந்தன.

அது 2010. அமெரிக்காவில் வங்கி ஒன்று கவிழ்ந்ததற்கும் எங்கள் கல்லூரிக்கு வருவதாகச் சொன்ன கம்பெனிகள் வராமல் போனதற்கும் என்ன தொடர்பு என்று அப்பாவுக்கு என்னால் கடைசிவரை விளக்க முடியவில்லை. கேம்பஸில் வேலை கிடைக்காதவர்கள் எல்லாரும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் அலைந்த வருஷம்.

உள்ளே மூன்று பேர். 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்' என்றார்கள். இதற்கான பதில் எங்கள் கல்லூரிப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கத் தாளாகவே கிடைக்கும். அதைத்தான் எங்கள் பேட்ச்சே மனப்பாடம் செய்திருந்தது. ஹார்ட் வொர்க்கர், டீம் பிளேயர், க்விக் லேர்னர். பலவீனம் என்ன என்று கேட்டால் 'எதையும் முடிக்காமல் தூங்க மாட்டேன்'. ஒப்பித்துக்கொண்டே வந்து, 'மை நேட்டிவ் இஸ் பாண்டிச்சேரி' என்றேன். அதுவரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நடு ஆள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"பாண்டியா நீங்க? அப்ப நல்லா அடிப்பீங்கன்னு சொல்லுங்க."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. பதற்றமாக இருக்கிற பையனை இளக்குவதற்காகத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. எழுந்து நிற்காத குறையாக, "நோ சார். ஐ டோண்ட் டிரிங்க் சார். மை ஃபாதர் ஆல்சோ டோண்ட் டிரிங்க் சார்" என்றேன்.

சிரிப்பு பெரிதானது. அப்பாவை எதற்கு உள்ளே இழுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அதுவும் பொய். சம்பளத்தன்றைக்கு அப்பா குடிப்பார். அடுத்து டேட்டாபேஸில் நார்மலைசேஷன் பற்றிக் கேட்டார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் அதற்குள் என் காது சூடாகிவிட்டிருந்தது, வாய்க்கு எதுவும் வரவில்லை. மெயில் வரும் என்றார்கள். வரவில்லை.

ராத்திரி வீட்டில் அப்பா கேட்டார்: "இன்னா கேட்டாங்க?"

"டேட்டாபேஸ் பத்திப்பா."

அவர் தலையாட்டினார். எங்கள் ஊரில் மூன்று பெரிய பஞ்சாலைகள் இருந்தன. அவற்றில் ஒன்றில் தாத்தா வேலை செய்தார், அதே ஆலைக்கு அப்பாவும் போனார். முதல் நாள் மேஸ்திரி அப்பாவின் இரண்டு உள்ளங்கையையும் புரட்டிப் பார்த்தாராம். அவர் வாழ்க்கையில் நடந்த ஒரே இண்டர்வியூ அது. "உள்ளதச் சொல்லு, கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்பதுதான் எனக்கு அவர் கொடுத்த ஆலோசனை. அன்று நான் இரண்டையும் மீறியிருந்தேன்.

நாலாவது இண்டர்வியூவுக்குள் நான் தேறிவிட்டேன். ஜெராக்ஸ் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைசி வருஷ புராஜெக்டில் எது உடைந்தது, அதை எப்படிச் சரிசெய்தோம் என்று மட்டும் சொல்லப் பழகினேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், யோசிப்பதை வாய்விட்டு யோசிக்கவும் கற்றுக்கொண்டேன். இதெல்லாம் உண்மையிலேயே உதவும், இப்போதும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன். ஆனால் எனக்கு வேலை வாங்கித் தந்தது இது எதுவும் இல்லை என்று ஒரு சந்தேகம் உண்டு. அந்த நாலாவது இடத்திலும் அதே கேள்வி வந்தது. நான் தயாராக இருந்தேன்.

"சார், பாண்டிக்காரங்க எங்க சார் குடிக்கறது? குடிக்க வர்றவங்களுக்கு வழி சொல்றதுக்கே எங்களுக்கு நேரம் சரியா இருக்கு."

எதிரே இருந்தவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தார். அதோடு அது இண்டர்வியூவாக இல்லாமல் இரண்டு பேர் பேசுவதாக மாறிவிட்டது. அரை மணி நேரத்தில் முடிந்தது. வருஷத்துக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம். அப்பா அந்த ஆஃபர் லெட்டரை ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார், எதற்கென்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷம், மூன்று கம்பெனிகள், அந்த வாக்கியத்தை விதவிதமாக உபயோகித்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒன்று வைத்திருந்தேன். பெங்களூரில் ஹிந்திக்கார மேனேஜருக்கு என்று ஒன்று. ஊர்ப் பெயர் 2006இல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி என்று மாறிவிட்டாலும் நான் 'பாண்டி' என்றுதான் சொல்வேன், அப்போதுதான் எதிராளி முகத்தில் அந்த வெளிச்சம் வரும். சனி ஞாயிறு வந்து போகிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் பீச் ரோடு, மஞ்சள் சுவர், கடைசியாக ஒரு பாட்டில். நெல்லித்தோப்பும் முத்தியால்பேட்டையும் அவர்கள் போகிற வழியில் இல்லை. அங்கே நாலு மணிக்கு எழுந்து மீனுக்கும் பாலுக்கும் ஓடுகிறவர்களைப் பற்றி இண்டர்வியூவில் எவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

2017 வாக்கில் என்னை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். பயிற்சி ஒரு மணி நேரம். எந்தக் கேள்வியெல்லாம் கேட்கக்கூடாது என்று ஒரு பட்டியல், பிறகு ஒரு படிவம். அதில் கட்டம் கட்டமாக 1 முதல் 5 வரை மதிப்பெண். டெக்னிக்கல், பிராப்ளம் சால்விங், கம்யூனிகேஷன். ஏதாவது ஒரு கட்டத்தில் 3க்குக் கீழே போட்டால் ஆள் வெளியே.

எல்லாரையும்போல நானும் என்னை நியாயமான ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2006இல் பிரின்ஸ்டனில் ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடரோவ் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தை ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத் தகுந்தவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டவர்கள் சொன்ன தீர்ப்போடு அது பெரும்பாலும் ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தால் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பு சொன்னவருக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. இதை எங்கோ படித்துவிட்டு ஆபீஸ் குரூப்பில் நானே பகிர்ந்திருக்கிறேன். அதோடு சரி.

அந்தப் பையனை நான் பார்த்தது 2022இல், வீடியோ காலில். பாகூர்ப் பக்கம். எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் போனால் முக்கால் மணி நேரம். நீலச் சுவர், ஒரு நாள்காட்டி, கழுத்துப் பட்டன்வரை போட்ட வெள்ளைச் சட்டை. ரெஸ்யூமேயில் ஊரைப் பார்த்ததும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. பதற்றமாக இருக்கிறானே, இளக்கலாம் என்று நினைத்தேன்.

"பாண்டியா நீங்க?"

"ஆமா சார்."

காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நான் எதற்குக் காத்திருந்தேன் என்பது அவனுக்குத் தெரிய நியாயமில்லை. எனக்கே அப்போது தெரியாது. 'சரி, ஆள் கொஞ்சம் மொக்கை' என்று உள்ளே ஏதோ ஒன்று எழுதி வைத்துக்கொண்டது.

நான் கேட்ட கணக்கு, இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த பழைய கணக்கு. ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற பஸ்களின் நேரமும் அவை கிளம்புகிற நேரமும் கொடுக்கப்பட்டிருக்கும். எந்த பஸ்ஸும் வெளியே காத்து நிற்காமல் இருக்க எத்தனை பிளாட்பாரம் வேண்டும்? பையன் நாலு நிமிஷம் பேசவே இல்லை. இரண்டு முறை 'கேன் யூ திங்க் அலவுட்?' என்று கேட்டேன். 'யெஸ் சார்' என்பான், மறுபடி மௌனம். பிறகு கடகடவென்று எழுதினான். சரியாக இருந்தது. ஒரு பஸ் கிளம்புகிற அதே நிமிஷத்தில் இன்னொன்று வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஒரு வரியை மாற்றினான். அதுவும் சரி. ஆனால் 'எக்ஸ்ப்ளெய்ன் யுவர் அப்ரோச்' என்றதும் ஆங்கிலத்தில் மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் நின்றுவிட்டான். கேள்வி ஏதாவது இருக்கிறதா என்றேன். 'நோ சார். தேங்க் யூ சார்.'

காலை விட்டு வெளியேறும் பட்டன் அவனுக்கு அகப்படவில்லை போல. திரையில் தடவிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பிப் பேசினான். மைக் திறந்தே இருந்தது.

"முடிஞ்சிட்சிமா. பஸ் ஸ்டாண்டு கணக்கு ஒண்ணு குட்த்தாரு. வர்ற பஸ்ஸ எல்லாம் ஒரு வரிசயா வெச்சிக்கணும், போற பஸ்ஸ ஒரு வரிசயா. ஒண்ணு வந்தா ஒண்ணக் கூட்டிக்கோ, போனா ஒண்ணக் கழிச்சிக்கோ. எப்ப ரொம்ப அதிகமா வருதோ அதான் பிளாட்பாரம். போட்டுட்டேன்."

பத்து வினாடி. அந்தக் கணக்கை அவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் யாரும் எனக்கு விளக்கியதில்லை. எங்கள் டீமில் இருக்கிற பாதிப் பேரால் முடியாது. பிறகு பட்டன் கிடைத்துவிட்டது, திரை கறுப்பானது.

நான் படிவத்தைத் திறந்து டெக்னிக்கலுக்கு 4 போட்டேன். கம்யூனிகேஷனுக்கு 2.

அந்த இரண்டைப் போடும்போது 3க்குக் கீழே என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்று மதியம் இன்னொரு பையன். அவனுக்கும் அதே கணக்கு. நான் இரண்டு துப்புக் கொடுத்த பிறகுதான் அவனால் முடிந்தது, அதுவும் சுற்றி வளைத்து. ஆனால் பேசிக்கொண்டே இருந்தான், சிரித்தான், எங்கள் கம்பெனியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டான். 'கேன் பி ட்ரெய்ன்ட்' என்று எழுதினேன். அவனுக்கு வேலை கிடைத்தது. நல்ல பையன், இன்னும் எங்களோடுதான் இருக்கிறான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போயிருந்தேன். பெரிய மார்க்கெட்டில் பூவும் வாழை இலையும் வாங்கி வரச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். ரங்கப்பிள்ளை வீதியில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினால் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன். கீழ்த்தளம் நம்மூர் வீடு, மேல்தளம் பிரெஞ்சுத் தூண்கள். கல்லூரி நாட்களில் பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' இரண்டையும் படித்திருந்ததால் அந்த வீட்டின்மேல் ஒரு சொந்தம்கூட உண்டு. பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து எழுந்த நாவல்கள் அவை. அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த நாட்குறிப்பையே எடுத்து வைத்துக்கொண்டேன். இதற்கு முன்பு அதை வரலாறாகப் படித்திருந்தேன். இந்த முறை வேலை கேட்டு நிற்கிற ஒருவரின் நோட்டுப் புத்தகமாகத் தெரிந்தது.

1746 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் பெரிய துபாஷ் கனகராய முதலியார் இறந்துபோகிறார். துபாஷ் என்றால் இரண்டு பாஷை அறிந்தவர் என்று பொருள். ஆனால் பெரிய துபாஷ் வெறும் மொழிபெயர்ப்பாளர் இல்லை. கவர்னருக்கும் ஊருக்கும் நடுவே நின்று வியாபாரம், வழக்கு, சேதி எல்லாவற்றையும் கடத்துகிறவர். இங்கே ஒரு தமிழன் எட்டக்கூடிய உச்சம் அதுதான். அந்த இடம் காலி. கவர்னர் துய்ப்ளெக்ஸ். ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தது 1709 மார்ச்சில், ஆக அப்போது அவருக்கு வயது 36. இதை எழுதும்போது என் வயதும் அதுதான். 1736 செப்டம்பர் 6ஆம் தேதியிலிருந்து நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பவர். கவர்னர் எதற்குக் குளிர்ந்தார், எதற்குச் சீறினார் என்பதெல்லாம் அதில் பதிவாகிக்கொண்டே வரும்.

தகுதியில் யாரும் குறை சொல்லவில்லை. வேறு சிக்கல். கிறிஸ்தவர் ஒருவர்தான் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்று பாதிரிகள் நெருக்கினார்கள். துய்ப்ளெக்ஸின் மனைவி ழான் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தெரிந்தவர். அவரும் பிள்ளைக்கு ஆகாது. போட்டிக்கு வேறு ஆட்களும் இருந்தார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடிக்கிறார்கள், ஊரே யுத்த மும்முரத்தில் இருக்கிறது. பதவி இல்லாமலே பதவிக்குரிய வேலைகள் பிள்ளை தலையில் விழுகின்றன. முறையான நியமனம் 1747 என்று எழுதுகிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், மாதக்கணக்கில் நீண்ட இண்டர்வியூ. தினமும் காலையில் கோட்டைக்குப் போய் வருவதுதான் ரவுண்டு.

அவர் அவ்வளவு எச்சரிக்கையாக இருந்ததற்கு வீட்டுக்குள்ளேயே காரணம் இருந்தது. அவருடைய அப்பாவின் மைத்துனர் நைனியப்பப் பிள்ளையும் அதே வேலையில் இருந்தவர்தான். 1716இல் அவரைப் பிடித்து, பொது இடத்தில் வைத்துச் சவுக்கால் அடித்து, சிறையில் போட்டார்கள். அடுத்த வருஷம் அங்கேயே இறந்தார். அவர் மகன் குருவப்பா கப்பலேறிப் பாரிசுக்கே போய் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். ராஜாவுக்குப் பதிலாக ஆட்சி செய்துகொண்டிருந்த ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தை. அப்பா மீதான பழி துடைக்கப்பட்டது. செவாலியே பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி, அப்பா உட்கார்ந்த அதே வேலையில் உட்கார்ந்தார். 1724இல் இறந்துபோனார். குருவப்பா எந்த அளவுக்கு மனதார மாறினார், எந்த அளவுக்கு வேலைக்காக மாறினார் என்று முந்நூறு வருஷம் கழித்து நான் அளக்க முடியாது. அப்பாவின் சாவுக்கு நியாயம் கேட்கப் போன பிள்ளை, எதிரே இருப்பவர் எதைப் பார்த்தால் இளகுவார் என்று யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார் என்று மட்டும் தோன்றுகிறது.

அதில் கடுகளவுகூட வராது என் பாட்டில் ஜோக். ஆனாலும் அது அதே ஜாதிச் சரக்குதான். எங்கள் ஊரை நான் சிரிப்பாக மாற்றிக் கையில் கொடுத்தேன், அவர்கள் கதவைத் திறந்தார்கள். அது எனக்கு உறுத்தியதே இல்லை. பாகூர்ப் பையன் அந்தச் சில்லறையைக் கொடுக்கவில்லை என்று அவன்மேல் எனக்கு வந்ததே ஒரு சலிப்பு, அதுதான் அன்று ராத்திரி உறுத்தியது.

இன்னொரு இண்டர்வியூவும் ஞாபகத்துக்கு வந்தது. 1910இல் ராமானுஜன், கல்லூரிப் படிப்பை முடிக்க முடியாமல், கல்யாணமும் ஆகி, ஏதாவது குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று திருக்கோவிலூருக்குப் போனார். எங்களூரிலிருந்து விழுப்புரம் தாண்டி இரண்டு மணி நேரச் சொச்சம். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யர்தான் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஆளை ரெவின்யூ இலாகாவின் அடிமட்டத்தில் போட்டு முடக்க எனக்கு மனசில்லை என்று, சென்னைக் கணித ஆசிரியர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த வழியில்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் ராமானுஜன் போய் நிற்கிறார். குள்ளமான, சவரம் செய்யாத, அவ்வளவு சுத்தமாக இல்லாத ஆள், கண் மட்டும் பளபளக்கிறது என்ற மாதிரி ராவ் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார். முதல் தோற்றம் என்றால் அதுதான் தோற்றம்.

எனக்கு முக்கியம் அதற்கு அடுத்து நடந்தது. நோட்டில் இருந்தது ராவுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று ஆளை அனுப்பிவிடவும் இல்லை, திரும்ப வரச் சொன்னார். வந்த ராமானுஜன், எதிரே இருப்பவருக்கு எவ்வளவு தெரியாது என்பதை மட்டிட்டுக்கொண்டு, தன்னிடம் இருந்ததிலேயே எளிதான சில முடிவுகளிலிருந்து தொடங்கினார். அங்கிருந்து படிப்படியாக ஏறினார். கடைசியில் ராவ், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சி செய்துகொண்டே உயிர்வாழ ஏதாவது போதும் என்றாராம். மாசம் 25 ரூபாய் ஏற்பாடானது. துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலையெல்லாம் அதற்குப் பிறகு, 1912இல்தான்.

கேட்பவருக்கு எது புரியுமோ அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் இண்டர்வியூவுக்கு என்று நான் கேள்விப்பட்டதிலேயே உருப்படியான தயாரிப்பு. நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதும் இதுதான், டையும் ஆங்கில உச்சரிப்பும் அப்புறம். ஆனால் ராமானுஜனுக்கு அது இரண்டாம் தடவை வாய்த்தது, ராவ் வரச் சொன்னதால். பாகூர்ப் பையன் அதைப் பத்து வினாடியில் தன் அம்மாவிடம் செய்து காட்டினான். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை ஹெச்.ஆருக்கு மெயில் போட்டேன். மதிப்பெண்ணை மாற்றிப் போட முடியுமா, இல்லாவிட்டால் இன்னொரு ரவுண்டு வைக்கலாமா என்று. படிவத்தை மூடியாயிற்று, ஆறு மாதம் கழித்து அவரே மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. விதி அதுதான், குற்றம் சொல்ல முடியாது. என் காலண்டரில் ஆறு மாதம் தள்ளி ஒரு குறிப்புப் போட்டு வைத்தேன். அவன் விண்ணப்பிக்கவில்லை. நானாகத் தேடிப்போய்ப் பேசுவது முறையில்லை என்று விட்டுவிட்டேன். முறையில்லை என்பது உண்மைதான், கொஞ்சம் பயமும் இருந்தது. அவன் அம்மா ஃபோனை எடுத்தால் என்ன சொல்வது?

என்னால் மாற்ற முடிந்தது எங்கள் டீமின் பழக்கத்தைத்தான், அதுவும் சண்டை போட்டு. எல்லாருக்கும் ஒரே கேள்விகள், அதே வரிசையில். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண், முடிந்ததும் மொத்தமாக மனசில் பட்டதைப் போடக்கூடாது. முதல் ஐந்து நிமிஷம் ஊர், காபி, டிராஃபிக் பேசலாம், அதற்கு மதிப்பெண் கிடையாது. விளக்கத்தைத் தமிழில் சொன்னாலும் சரி, பேனலில் ஒருவருக்காவது புரிந்தால் போதும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஃப்ராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 1998இல் எண்பத்தைந்து ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்தபோதே, இப்படி வரையறுத்து நடத்தும் நேர்முகம், மனம் போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்முகத்தைவிட வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது என்று காட்டிவிட்டார்கள். அப்புறமும் மனம் போன போக்கில்தான் முக்கால்வாசி இடத்தில் நடக்கிறது, ஏனென்றால் கேட்கிறவர்களுக்கு அதுதான் சுவாரசியம். 'ஆளைப் பாத்தாலே சொல்லிடுவேன் பாஸ்' என்கிற ஒரு சீனியர் எங்கள் ஆபீஸில் இன்னும் இருக்கிறார். புதுமுறை அவருக்கு போரடிக்கிறதாம். எனக்கும்தான் போரடிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லியனூரில் ஒரு நண்பன் நடத்துகிற டியூஷன் சென்டரில் மாதிரி இண்டர்வியூ நடத்துகிறேன். இன்ஜினியரிங் கடைசி வருஷப் பிள்ளைகள், பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். முதலில் கணக்கைத் தமிழில் உங்கள் அம்மாவுக்குச் சொல்வதுபோலச் சொல்லு என்பேன், அடுத்து அதையே ஆங்கிலத்தில், தப்பானாலும் நிறுத்தாமல். ஷூ இல்லாவிட்டால் பரவாயில்லை, கடன் வாங்கினால் அளவு பார்த்து வாங்கு என்பேன். சிரிப்பார்கள். ஒருவேளை அந்தப் பையன் வருவானோ என்று கதவுப் பக்கம் பார்ப்பது முதல் சில மாதம் இருந்தது. அவனுக்கு இந்நேரம் நல்ல இடத்தில் வேலை கிடைத்திருக்கும்.

போன மாதம் ஒரு பெண், திருபுவனைப் பக்கம். ஊர்ப் பெயரை வைத்து வருகிற கேள்விக்கும் இவர்களைப் பழக்க வேண்டும் என்று நான் வழக்கமாக ஒன்று கேட்பேன். சிலர் என்னிடமிருந்தே கற்ற ஜோக்கைத் திருப்பிச் சொல்வார்கள், சிலர் நெளிவார்கள். அவளிடமும் கேட்டேன், கொஞ்சம் நக்கலான குரலை வரவழைத்துக்கொண்டு.

"ஓ, பாண்டியா நீங்க? அப்ப வீக்எண்ட் எல்லாம் ஜாலிதான்?"

அவள் என்னையே பார்த்தாள். கோபமோ கூச்சமோ இல்லை.

"இதுக்கு மார்க் இருக்கா சார்?"

"இல்லம்மா."

"அப்ப அடுத்த கேள்வி கேளுங்க சார்."